சுவரைப் பார்த்து விளையாடியவர்

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் எங்கள் செஸ் கழகம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் கூடும். செவ்வாய்க்கிழமைகளில், கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மலையில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. மொழி தெரியாத ஒருவன் ஊர்க்காரரோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது.

ஒரு இலையுதிர்காலத்தில் கழகத் தலைவர் என்னிடம் ஒரு வேலை தந்தார். அவர் ஓய்வுபெற்ற தபால் பஸ் சாரதி.

"உங்களுக்குப் பிரெஞ்சும் வாசிக்க வரும், எங்களுக்கு ஜேர்மன்தான். லா ஷோ-து-ஃபோனையும் தெரியும். அங்கே பிறந்த ஒரு ஆட்டக்காரர் இருக்கிறார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவர். அவரைப் பற்றி வசந்தகாலத்தில் கழகத்தில் கொஞ்ச நேரம் பேசுங்களேன்."

அவர் சொன்ன பெயரை நான் ஒரேயொரு பழைய செஸ் புத்தகத்தின் மூலையில்தான் கண்டிருந்தேன். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் பழைய பத்திரிகைகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் ஒருவரின் மகன் அந்த ஆட்டக்காரர். தகப்பனின் சரக்கை விற்கப் பாரிஸுக்குப் போனவர், அங்கே ஒரு காப்பிக்கடையில் செஸ் விளையாடுவதைக் கண்டு உட்கார்ந்தார். பிறகு பல வருடம் ஊருக்குத் திரும்பவில்லை. பெரிய போட்டிகளில் அவருக்கு எப்போதும் நடு இடம்தான். ஒருமுறை மட்டும், அந்தக் காலத்தில் எல்லோரும் அஞ்சிய ஒருவரோடு வெற்றி தோல்வி இல்லாமல் முடித்தார். அதைப் பத்திரிகைகள் ஒரு வரியில் எழுதிவிட்டு மறந்துபோயின.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது வேறொன்று. சுவரைப் பார்த்தபடி ஒரு கதிரையில் உட்கார்ந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் பல பலகைகளில் பலர் விளையாடுவார்கள். அவர்கள் நகர்த்துவதை ஒருவர் சத்தமாகச் சொல்ல, இவர் ஒன்றையும் பார்க்காமல் பதில் சொல்வார். அத்தனை ஆட்டமும் அவர் தலைக்குள் இருக்கும். லியோன், ஸ்திராஸ்பூர்க், புருசல் என்று ரயிலில் ஊர் ஊராகப் போய் இதைச் செய்து காட்டினார். கண்ணுக்கு முன்னால் பலகை இருக்கும்போதே குதிரையைப் பறிகொடுக்கிற எனக்கு, இதை வாசிக்க வாசிக்கப் பொறாமையாக இருந்தது.

பனி கொட்டிய மாரிகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைவரோடு விளையாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றின் அடியிலிருந்து ஏதோ மேலே எழும்பியது, லிப்ட் சடாரென்று இறங்கும்போது வருமே, அதுபோல. அதோடு பயம் வந்தது. சின்ன வயதில், ஊரில் யுத்தம் நடந்தபோது, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் பங்கர் குழிக்குள் ஓடுவோம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வானத்தில் இருந்தது. இதற்கு ஒரு காரணமும் இல்லை. அறை அப்படியேதான் இருந்தது. ஆனால் மிகப் பயங்கரமான ஒன்று இப்போது நடக்கப் போகிறது என்று உடம்பு முழுவதும் சொன்னது.

பிறகு பார்த்தால், தலைவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் ஒரு குதிரை இருந்தது.

"அதைத் தூக்கினீர்கள், வைத்தீர்கள், திரும்பவும் தூக்கினீர்கள்," என்றார். "நான் கூப்பிட்டேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆனால் நீங்கள் இங்கே இல்லை."

"களைப்பு," என்றேன். பலகையைக் குனிந்து பார்த்தேன். நான் வெள்ளையா கறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்த குதிரையின் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி முதியோர் இல்லமொன்றில், ஞாபகம் அழிந்துபோனவர்களைப் பராமரிக்கும் மாடியில் வேலை செய்கிறாள். சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கிறவர்களைத் தினமும் குளிப்பாட்டி, உணவூட்டிவிட்டு வருகிறவள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான், லியோனில் அந்த ஆட்டக்காரருக்கு நடந்ததைப் பற்றிய செய்தியை வாசித்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவில் அந்த மனிதர் கதிரையை விட்டு எழுந்திருக்கிறார். முகம் வெளிறியிருக்கிறது. எல்லா விளக்குகளையும் ஏற்றச் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பலகைகளைப் பார்த்து, இதில் எது என்னுடையது என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அவருக்கு அது எதுவும் நினைவில்லை. அளவுக்கு மேல் சுமந்த மூளை உடைந்துவிட்டது என்று பத்திரிகை எழுதியது. மலைக்கே திரும்பிவிட்டார் என்று அடுத்த மாதம் இரண்டு வரி வந்தது. அதன் பிறகு அவர் பெயரே இல்லை.

கணினியை மூடிவிட்டேன். எது என்னுடையது. அதே கேள்வியைத்தான் நானும் பலகையைப் பார்த்துக் கேட்டிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சின்ன மறதியும் என்னை உலுக்கியது. கதவுத் திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடினால், இதுவும் அதுதானோ என்று நின்றுவிடுவேன். தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்குக் கீழே சின்னச் சக்கரத்தை இடுக்கியால் பிடிக்கும்போது, இப்போது வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அது வந்தது. ஒருமுறை குளியலறையில். ஒருமுறை படிக்கட்டில். ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மனைவி சமைத்துக்கொண்டே கேட்கத் தொடங்கினாள்.

"நேற்று என்ன கறி வைச்சனான்?"

"கத்தரிக்காய். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

அந்தச் 'சும்மா' என் ஞாபகத்துக்கு வைக்கும் சோதனை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பேர்ண் நகரில் இருக்கும் சைவக் கோயிலுக்குக் காரில் போனோம். நகருக்குள் சிவப்பு விளக்கில் நிறுத்தியது நினைவிருக்கிறது. வயிற்றில் அந்த எழும்பல் நினைவிருக்கிறது. பிறகு பின்னால் ஹோர்ன் சத்தம். மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ! பச்சை விழுந்திட்டுது. என்னப்பா செய்யுது உங்களுக்கு?"

ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி இருங்கோ. நான் கார் ஓடுறன்."

"ஒண்டுமில்லை. களைப்பு."

"எனக்கு ஒளிக்காதேங்கோ. போன கிழமை படியில நிண்டு வாயை மெண்டுகொண்டு நிண்டனீங்கள். நான் மேலை நிண்டு பாத்தனான்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"பயமா இருந்தது," என்று சொன்னவள் அழுதுவிட்டாள். "சொன்னா உண்மையாப் போயிடும் எண்டு பயமா இருந்தது. நீங்களும் அதுக்குத்தானே சொல்லாமல் இருந்தனீங்கள்?"

கோயிலுக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த கிழமை குடும்ப டொக்டர் எங்களைப் பேர்ணில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

தலையைக் குழாய் போன்ற இயந்திரத்துக்குள் விட்டுப் படமெடுத்தார்கள். இன்னொரு நாள் தலை முழுவதும் கம்பிகள் ஒட்டினார்கள். முடிவு வரும்வரை காத்திருந்த நாட்கள்தான் மோசமானவை. தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆட்டக்காரரின் பழைய ஆட்டமொன்றை மனத்துக்குள் முதலிலிருந்து நகர்த்திப் பார்ப்பேன். நேற்றைவிட முன்னதாகவே குழம்பினால் அன்றைக்கு முழுதும் சாப்பாடு இறங்காது.

முடிவு சொன்ன நரம்பியல் டொக்டர் என்னைவிட இளைய பெண். நிதானமாகப் பேசினார். மூளையின் பக்கவாட்டில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எப்போதோ வந்த காய்ச்சலாகவோ அடியாகவோ இருக்கலாம். அங்கிருந்து சின்னச் சின்ன வலிப்புகள் கிளம்புகின்றன. ஞாபகம் அழியும் நோய் இல்லை.

வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். "நான் விழவில்லையே," என்றேன். "முதலில் பயம்தான் வருகிறது."

"அந்தப் பயம்தான் வலிப்பு," என்றார். "அது அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் எதற்கும் பயப்படவில்லை. உங்கள் மூளை பயத்தின் பொத்தானைத் தானே அழுத்திவிடுகிறது."

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாத்திரை எழுதித் தந்தார். தாம் சொல்லும்வரை கார் ஓட்டக் கூடாது என்றார். எழுந்து போகும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. லியோனில் அந்த ஆட்டக்காரருக்கு நடந்ததைச் சொல்லி, அவருக்கும் இதுதானா என்று கேட்டேன்.

டொக்டர் சிரித்தார். "பத்திரிகையைப் பார்த்து, இறந்தவருக்கு நான் வைத்தியம் செய்வதில்லை. அவர் பிறகு என்ன ஆனார்?"

"தெரியாது. அதற்குப் பிறகு பெயரே இல்லை."

"நீங்கள் பார்த்த பத்திரிகைகளில் இல்லை," என்றார்.

அது உண்மை. நான் பாரிஸ், லியோன் பத்திரிகைகளோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வாசிக்கப் பயந்திருந்தேன் என்றும் சொல்லலாம். மாத்திரை பழகும்வரை வேலைக்கு லீவு கிடைத்தது. அந்த நாட்களில், மலைப்பக்கத்துச் சிறிய பத்திரிகைகளைத் தேடினேன். பல வருடங்களுக்குப் பிந்திய ஒன்றில் அவர் இருந்தார். இரண்டு ஊர்க் கழகங்கள் மோதிய போட்டி. கடைசிக்கு முந்திய பலகையில் உட்கார்ந்து தோற்றிருந்தார். சாதாரணத் தோல்வி. இன்னொன்றில், எனாமல் பட்டறை நடத்துபவர் என்று எழுதி, கழகத்தின் பொருளாளராகப் பெயர் போட்டிருந்தார்கள். உடைந்துபோன மூளை என்று எழுதப்பட்ட மனிதர் அதன் பிறகும் கனகாலம் வேலை செய்து, விளையாடி, தோற்று, வாழ்ந்திருக்கிறார். அவருக்கு என்ன வந்தது என்று நான் ஒருபோதும் அறியப் போவதில்லை.

வசந்தத்தில் பேசினேன். மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குச் செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. லியோனைச் சொல்லத் தொடங்கியபோது வயிறு புரண்டது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் வருகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அது ஜேர்மன் மொழியில் சபைக்கு முன்னால் பேசுகிறவனுக்கு வரும் வெறும் பயம். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, பொருளாளர் ஆனது வரைக்கும் சொல்லி முடித்தேன்.

மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு தடவை மட்டும் மெல்லிதாக வந்துபோனது. இனி வராது என்று ஒருவரும் எழுதித் தரவில்லை. சில காலைகளில் கண் விழித்ததும் வயிற்றைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

கழகத்தில் பேசிய அன்று, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி கேட்டாள், "அந்த மனுசன் கலியாணம் கட்டினவரோ?"

"தெரியேல்லை. பேப்பரில அதைப் பற்றி ஒண்டும் இல்லை."

"கட்டியிருப்பார்," என்றாள். "இல்லாட்டி ஒரு சகோதரியாவது இருந்திருக்கும். அப்பிடிப் பயந்த ஆள் தனிய எழும்பிப் போய்த் திரும்பவும் பலகைக்கு முன்னாலை இருந்திருக்க மாட்டார். ஆரோ கூட்டிக்கொண்டு போயிருக்கினம்."