சிவபாதத்தின் பென்சில் குறிப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சிவபாதத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அப்பா போயிட்டார். நித்திரையிலேயே, அமைதியா," என்றார். பக்கத்திலிருந்த தாளில் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வது என் பழக்கம். குறித்ததைச் சந்தேகிப்பது அவரிடமிருந்து வந்தது.

சிங்கப்பூரில், பூன் லே அடுக்குமாடி வீட்டில் அவரைப் பார்த்துப் பழகிய பலருக்கு, அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள் என்பது தெரிந்திருக்காது. அவர் சேற்று நண்டுகளை ஆராய்ந்தார். நான் கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை. முதல் வேலை, துறையில் அதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தொகுப்பது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை எழுதி பிஸ்கட் தகரத்தில் அடுக்கினேன். யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஒரு பெரிய தாளில் கோடு போட்டு இணைத்தேன்.

ஒருநாள் மூன்று அட்டைகளின் ஓரத்தில் பென்சிலால் 'கண்டன?' என்று இருந்தது. சிவபாதத்தின் உருண்டைக் கையெழுத்து. கண்டனம் என்றே படித்தேன். இரண்டு வாரத்தில் பேராசிரியர்கள் முன் என் தொகுப்பை வாசிக்க வேண்டும். அது தேறாவிட்டால் ஆய்வைத் தொடர முடியாது. அந்தக் கூட்டத்தில் எழுந்து என்னைக் கிழிக்கப் போகிறார் என்று முடிவு செய்தேன். தகரத்தைத் தினமும் ஃபேரர் பார்க்கிலிருந்த என் அறைக்கே கொண்டுபோனேன். அட்டைகளை எண்ணி வைத்தேன். அவர் சிரித்தாலும் எதற்கென்று யோசித்தேன்.

ஒரு மதியம் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஐசே, தகரத்துக்குள்ள தங்கமோ?"

"நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். அட்டையில கண்டனம் எழுதுறது எதுக்கு?"

"கண்டனமோ?" டீயைக் கீழே வைத்தார். "'கண்டனீரோ' எண்டு கேட்டனான். அட்டையில இடம் காணாது."

அவர் யாழ்ப்பாண வழிக் குடும்பம். 'பார்த்தீங்களா' என்று நாங்கள் கேட்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"அந்த மூண்டு கட்டுரை எழுதினவையும் ஒரு பழைய அறிக்கையில நாற்பத்தோராம் பக்கம் எண்டு எழுதுகினம். நூலகப் பட்டியல்ல அந்த அறிக்கை முப்பது பக்கம். அப்ப ஒருத்தரும் அதைக் காணேல்லை. நீர் கண்டனீரோ?"

நான் காணவில்லை. மூவரையும் நம்பி நான்காவதாக எழுதியிருந்தேன். செம்பவாங் கரையில் இன்ன கண்டல் வகை இல்லை என்பதுதான் அந்தச் செய்தி. நூலகக் கிடங்கிலிருந்து அறிக்கையை வரவழைத்தோம். பதினான்காம் பக்கத்தில், 'நான் பார்க்கவில்லை' என்று மட்டுமே இருந்தது. ஒருவர் பார்க்காததை, மற்றவர்கள் இல்லையென்று ஆக்கியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பஸ் பிடித்து செம்பவாங் போனோம். கப்பல் பட்டறையைத் தாண்டி, முழங்கால் சேற்றில், அந்த மரம் நின்றது. ஒன்றல்ல, வரிசையாக ஏழு.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "நீர் சந்தேகப்பட்டது சரி. ஆளைத்தான் மாத்திப் பிடிச்சிட்டீர்," என்றார்.

என் தொகுப்பு தேறியது. தகரம் துருப்பிடித்துப் போய்விட்டது. அந்த மூன்று அட்டைகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. இதை எழுதும்போதும் அதை எதிரே வைத்திருக்கிறேன். சிவபாதம் அமைதியாகப் போனார் என்று முதலில் எழுதினேன். அட்டையைப் பார்த்தேன். பிறகு, மகள் சொன்னார் என்று திருத்திக்கொண்டேன்.