அப்பாவின் புகையிலைத் தடிப்பு

அப்பாவுக்குப் புகையிலை ஒத்துக்கொள்ளாது. வெற்றிலையோடு ஒரு துணுக்கு போட்டால் உதடு வீங்கும். கழுத்தும் மார்பும் தடித்துச் சிவக்கும். விடிய விடியச் சொறிவார். ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டார். மேலிடம் சொன்ன எதையும் அவர் மீறியதில்லை.

ஜப்பான்காரர்கள் வந்த மறு ஆண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குடியிருப்பிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். முன்பு போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவைக் குறித்துக்கொண்டு போனார்கள். தோல் வியாதி இருந்தால் கழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்களோடு இருந்த சித்தப்பா டியூப் இல்லாத சைக்கிளில் கிள்ளான் வரை போனார். கடைத்தெருவில் புகையிலை மறைந்துபோயிருந்த காலம். ஒரு துணிக்கடைக்காரர் தமக்கென்று வைத்திருந்ததில் பாதியைக் கிள்ளிக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, கெடச்சிருச்சு லா! மென்னு முழுங்கிடாதீங்க, அப்புறம் சயாமுக்குப் பதிலா சுடுகாட்டுக்குத்தான் போவணும்."

அப்பா மென்றார். மிச்சத்தை நனைத்து மார்பில் தேய்த்தார். காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. அம்மா அழுதார்.

"அழுவாதீங்க அண்ணி. இந்த மூஞ்சியப் பாத்தா ஜப்பான்காரனே ஓடிருவான்."

கண் தெரியாத அப்பாவைக் கைப்பிடித்துப் பரிசோதனைத் திடலுக்கு அழைத்துப்போனவரும் சித்தப்பாதான். நானும் கூடவே போனேன். அதிகாரி இரண்டடி பின்வாங்கி, அப்பாவைப் பிரம்பால் ஒதுக்கினார். அதற்கடுத்து என்ன நடைமுறை என்று எங்களில் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. பிற்காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நான் கற்ற முதல் பாடம் அது: ஆளைத்தான் கழிப்பார்கள், எண்ணிக்கையை ஒருபோதும் கழிப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர், அவரும் தமிழர், தலை நிமிராமல் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு ஆளு வேணும். கூட வந்தது யாரு, தம்பியா? நீ ஏறு."

சித்தப்பா அப்பாவின் கையை என் கையில் கொடுத்துவிட்டு லோரியில் ஏறினார். அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. "தம்பி எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள், சித்தப்பா வரவில்லை. கடைகளில் புகையிலை வந்தது. அப்பா வாங்கி வந்து மெல்ல ஆரம்பித்தார்.

"வேணாங்க, ஒடம்பு பூரா தடிச்சுப் போச்சு," என்று அம்மா கெஞ்சினார்.

"தடிக்கட்டும்."

அன்று இரவு எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சொறியவே இல்லை.