சர்வாதிகாரியின் கோட்டு

கிசெலாவுக்கு ஒரு வியாதி உண்டு: கோணலாகத் தைக்க வராது. வியன்னாவில் அப்பாவின் தையற்கடையில் பத்து வயதிலேயே ஊசி பிடித்தவள். 1940-இல் ஹாலிவுட்டில், எங்கள் ஸ்டூடியோவின் உடைப் பிரிவில் அவள் தைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். அவள் தைத்த துணிக்கு இஸ்திரியே வேண்டியிருக்காது. எனக்கு அதிலேயே எரிச்சல்.

அந்த ஏப்ரலில் எடுத்தது, ஒரு சர்வாதிகாரியைக் கிழிகிழியென்று கிழிக்கும் நகைச்சுவைப் படம். அவனுடைய சீருடை கிசெலா கைக்கு வந்தது. அவள் மனசோ லிஸ்பனில் இருந்தது. தம்பி எமில் வியன்னாவிலிருந்து தப்பி அங்கே போய்க் கப்பலுக்குக் காத்திருந்தான். அவனை வரவழைக்க, அக்காவுக்கு நிலையான வேலை இருக்கிறதென்று ஸ்டூடியோ எழுதித் தரவேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் பிரிவுத் தலைவர் பிர்ச். அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒத்திகைக்கு நடிகர் வில்பர் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். குட்டையான, நோஞ்சான் ஆள். ஐயோ, நிஜ ராஜா மாதிரி நின்றார்! ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போடுகிறவன்கூட விறைப்பாக நின்றுவிட்டான்.

"என்னய்யா இது! பாத்தா சல்யூட் அடிக்கத் தோணுது!" என்று கத்தினார் டைரக்டர்.

பிர்ச் கிசெலாவிடம் வந்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதைப் பார்த்தா சிரிப்பு வரணும். முடியலேன்னா கணக்கு முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கோணலாக ஆரம்பித்த தையல் நாலு விரற்கடை போவதற்குள் நேராகிவிடும்.

"ஒரு கையைக் கட்டையா வெட்டி விடேண்டி" என்றேன்.

"வெட்டினேன் டோரிஸ். என் கை தானாப் போய் இன்னொண்ணையும் சமமா வெட்டிடுச்சு."

"உன் தொழில் பெருமையைக் கொண்டுபோய் அடுப்புல போடு! தம்பி வேணுமா, தையல் வேணுமா?"

பொலபொலவென்று அழுதுவிட்டாள். என் வாயை நானே நொந்துகொண்டு காபி வாங்கி வந்தேன். பாதி குடித்ததும் கோப்பையை ஒதுக்கி வைத்தாள்.

"எங்க கடைக்கு வந்த சீருடைக்காரனுங்க எல்லாரும் அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து நெஞ்சைத் தூக்கிக்குவாங்க. தோளை இன்னும் அகலமா வைன்னு அப்பாவை அதட்டுவாங்க. அவர் காதுல வாங்காம நிஜ அளவுக்கே தைப்பார். நானும் அதையே செஞ்சுட்டேன்டி!"

மறுநாள் காலையிலேயே வில்பரை நிறுத்தினாள். "சார், உலகமே உங்க காலடியில கிடக்குதுன்னு நினைச்சுக்குங்க."

வில்பர் குதிகாலைத் தூக்கி, நெஞ்சைப் புடைத்து, கைகளை அகட்டினார். அப்படிப் புடைத்து நின்ற ஆளுக்கே அளவெடுத்தாள். ஒரு தையல் பிசகாமல், புதுக் கோட்டு ஒன்றைக் கச்சிதமாகத் தைத்தாள்.

சாயங்காலம் வில்பர் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். இழுத்த மூச்சை விட்டார், அவ்வளவுதான்! கழுத்துப்பட்டி மோவாயை விழுங்கிற்று. கையைத் தூக்கினால் கோட்டுக்கை மட்டும் தொங்கியது, விரலைக் காணோம். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிர்ச் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் எமில் வந்து சேர்ந்தான். படம் வெளியானதும் மூவரும் போனோம். கொட்டகையே உருண்டு புரண்டு சிரிக்கிறது, இவன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்க்கிறான். அவனும் தையற்காரன்தானே.

"அக்கா, தையல் அபாரம். ஆனா அளவெடுத்தவன் சரியான மடையன்."

கிசெலா அவன் தலையில் நறுக்கென்று குட்டினாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும், பிடித்திருந்த தம்பி கையை அவள் விடவில்லை.