ஆயுத பூஜைக்கு வந்த சர்வர்

நெட்வொர்க் வேலை பார்ப்பவனுக்கு நெஞ்சுவலி வந்தால் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது, "எந்தக் கம்பெனியிலிருந்து வாரீரு?" என்பதுதான். என்னைப்போல வயர் இழுத்தே வயதான கூட்டாளிகளே, தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் என் உயிர் போய்த் திரும்பிய கதை இது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை, இரண்டு கூட்டியிருக்கலாம்.

சொன்னபடி கேட்கும் பெட்டி

கம்பெனிக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியைப் புதிதாக மாட்டினேன். டிஹெச்சிபி என்று அதில் ஓர் ஏற்பாடு. கரண்ட் வந்ததும் பெட்டி, "என் விலாசம் என்ன? நான் என்ன செய்யணும்?" என்று வயர் வழியே கூவும். எந்த சர்வர், அதாவது தலைமைக் கம்ப்யூட்டர், முதலில் பதில் சொல்கிறதோ, அது சொன்னபடி நடக்கும். ஆள் தொடவே வேண்டாம் என்று முதலாளி முன்னால் மீசையை முறுக்கினேன். எலெக்ட்ரீஷியன் சாமுவேல் வாயைப் பிளந்தார்.

"சொன்னதைக் கேக்குற ஒண்ணு இந்தக் கம்பெனிக்குள்ள வந்திருக்கா? இருங்க அண்ணாச்சி, எம் மவனைக் கூட்டியாந்து காட்டுதேன்."

சந்தனம் வைத்த சர்வர்

ஆயுத பூஜைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை ஆபீஸ் மெஷின்களையும் இங்கே கொண்டுவந்து ஒன்றாகப் பூஜை போடுவது வழக்கம். அந்த வருஷம் கிளை மேனேஜர் வரதன், அங்கிருந்த சர்வரையே மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்கும் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தாராம்!

மறுநாள் நல்ல நேரத்தில் எல்லா மெஷின்களையும் போட்டார்கள். நாலு கம்ப்யூட்டரைத் தவிர மற்றதெல்லாம் ஊமை. பில் போடும் பக்கம் மயான அமைதி. வாசலில் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய பேண்டேஜ் லாரி. பில் வந்தால்தான் நகரும். சாயங்காலத்துக்குள் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"லாரி கெளம்பலைன்னா, மூட்டைக்குப் பதிலா உம்மைத்தான் கப்பல்ல ஏத்துவேன்."

ஊர் மாறிய பெட்டி

என் கம்ப்யூட்டரைப் பெட்டியில் செருகி, உன் பெயர் என்ன என்று கேட்டேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றது! என் மூக்குக்கண்ணாடி தானாகவே நெற்றிக்கு ஏறிவிட்டது. நிற்பது ராஜபாளையம், பேசுவது வேறு ஊர்; பேய் பிடித்த பெட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சார், உங்க சர்வரை என்ன செஞ்சீங்க?"

"சும்மாதானே உக்காந்திருக்குன்னு உங்க பெட்டியில ஒரு வயரைச் செருகி, நல்ல நேரம் பொறந்ததும் மொத ஆளா போட்டுட்டேன்" என்றார் வரதன், பெருமையாக.

கம்பெனி சர்வரோ, முதலாளி தேங்காய் உடைக்கட்டும் என்று மாலையோடு காத்திருந்து, கடைசியில்தான் கண் விழித்தது. அதற்குள் பெட்டி கூவ, கிளை சர்வர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. கிளையில் இருப்பதே நாலு கம்ப்யூட்டர். பெட்டியில் வயர் செருகும் மற்ற துளைகளை மூடிவைப்பது அங்கே சட்டம். அந்த ஊர்ப் பெயரோடு அந்தச் சட்டத்தையும் இங்கே போட்டுவிட்டது பெட்டி.

கிளை சர்வரின் வயரைப் பிடுங்கி, பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி கூவியது. இந்தத் தடவை கம்பெனி சர்வர் பதில் சொன்னது. பிரிண்டர் கரகரவென்று பில்லைத் துப்ப, லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வரதன் தன் சர்வரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டார்.

"உங்க பெட்டியாவது எங்க பேச்சைச் செத்த நேரம் கேட்டுச்சு, முதலாளி இத்தனை வருஷத்துல ஒரு நாளும் கேக்கலையே!"

அன்றிலிருந்து எந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தாலும், பக்கத்தில் மாலை போட்ட மெஷின் ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.