கோடிட்ட இடம் அக்கா

கணினித் திரையின் மேல் மர அடிக்கோலை வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி அளக்கிறார் அக்கா. திரையில் இருப்பது யாரோ எப்போதோ அச்சிட்ட வரைபடம். இரண்டு தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் எண் எவ்வளவு முன்னே பின்னே போகும் என்று காட்ட, மீசை மாதிரி சின்னதாக ஒரு கோடு. அந்த மீசையின் நீளம்தான் அவருக்கு வேண்டும்.

"இதுக்கெல்லாம் மென்பொருள் வந்தாச்சுக்கா" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி.

"வரட்டுமே. அதுக்குக் கை நடுங்காது. நடுங்கினாத்தான் நாம எவ்வளவு தப்பா அளக்கிறோம்னு தெரியும்."

ஐம்பதைத் தொட்ட வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, அதைத் தேடும் வழக்கம். வேலை, குழந்தை வளர்ச்சி ஆய்வுகளை ஒன்றுசேர்ப்பது. பெண்கள் சிலர் வீடு வீடாகப் போய், தவழும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று பெற்றோருக்குக் காட்டுவார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இன்னும் சில வீடுகளுக்குப் போகமாட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சோதிப்பார்கள். இப்படிப் பல ஊர்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பிசைந்து, பலன் உண்டா இல்லையா என்று ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆய்வை எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சராசரியைப் பெருமையாகப் போடுவார்கள். பிள்ளைகள் அந்தச் சராசரியை விட்டு எவ்வளவு சிதறி நின்றார்கள் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். சிதறல் தெரியாவிட்டால் கிடைத்த முன்னேற்றம் மலையா மடுவா என்று சொல்ல முடியாது. அப்போது இவர், அதே வயதுப் பிள்ளைகளை அதே முறையில் சோதித்த மற்ற ஆய்வுகளைப் பார்த்து, விட்டுப்போன எண்ணை மதிப்பிட்டு எழுதுவார். பரீட்சைத் தாளின் நினைவில் அலுவலகமே இவரைக் 'கோடிட்ட இடம் அக்கா' என்கிறது. அவருக்கும் அதில் மகா சந்தோஷம்.

"தெரியலன்னா தெரிஞ்சவங்களைக் கேளு. அவங்களும் கொஞ்சம் உளறுவாங்க. அந்த உளறலையும் சேர்த்து எழுது." இதுதான் அவருடைய தொழில் ரகசியம். ஒளிவு மறைவே கிடையாது, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். பேருந்து ஓட்டும் கணவர் ஒரு காலுறையைக் காணவில்லை என்றால், "உங்களோட மத்த காலுறையெல்லாம் எங்க கிடைச்சுது? கட்டிலுக்கு அடியில. அப்ப இதுவும் அங்கதான், கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்வார். கணவர் தரையில் படுத்துத் துழாவி, தூசியும் தும்மலுமாக அதை வெளியே எடுத்தபடி, "குனிஞ்சு எடுக்கிறதுக்கும் ஏதாவது கணக்கு இருக்கா?" என்பார்.

மேசையில் ஒரு ரப்பர் வாத்தும் மஞ்சள் கைக்குட்டையும் எப்போதும் இருக்கும். பிள்ளைகளுக்கான சோதனையில் அது ஒரு கட்டம். வாத்தின் மேல் துணியைப் போட்டு மூடினால், பிள்ளை துணியை விலக்கித் தேடுகிறதா என்று பார்ப்பார்கள். சில பிள்ளைகள் வாத்தைக் கண்டதும் கையில் எடுக்காமல், தாங்களே திரும்ப மூடி, மறுபடி கண்டுபிடித்துக் கெக்கலி கொட்டும். "அதுக்கு மார்க்கே கிடையாதாம்! என்ன அநியாயம் பாரு" என்று இன்றைக்கும் ஆற்றாமையோடு சொல்வார்.

இந்த வாரம் அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. இருக்கும் ஆய்வுகளிலேயே பெரியதில் சிதறலைக் காணோம். கடைசி வரை எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதையும் கட்டுரை விழுங்கியிருந்தது. சிதறல் பதினைந்தரை என்று மதிப்பிட்டு எழுதி, 'பதினெட்டைத் தாண்டினால், பலன் உண்டு என்ற இந்த முடிவு நிற்காது' என்றும் அடியில் ஒளிக்காமல் சேர்த்திருந்தார். திட்டத்தைத் தொடர்வதா என்று முடிவு செய்யும் குழு நாளைக் காலை கூடுகிறது. முடிவு நிற்காவிட்டால், வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்கள் அடுத்த மாதத்திலிருந்து போகமாட்டார்கள்.

விட்டுப்போன எண்ணைக் கேட்டு அக்கா எழுதியிருந்ததற்கு, அந்த ஆய்வைச் செய்த ஓய்வுபெற்ற மருத்துவரிடமிருந்து ஒருவழியாக மின்னஞ்சல் வந்தது. 'நீங்கள் கேட்ட எண்: 1.2.'

துறைத் தலைவர் துள்ளிக் குதித்தார். "அடேங்கப்பா! சிதறல் இவ்வளவு கம்மியா? அப்ப பலன் வானத்துக்கும் பூமிக்குமா நிக்குமே! போடுங்கம்மா, போடுங்க!"

அக்கா போடவில்லை. "சார், இவங்க பிள்ளைங்களா, அச்சுல வார்த்த செங்கல்லா? எந்த ஊர்லயாவது எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி கட்டையை அடுக்குமா? இது பிள்ளைங்க சிதறல் இல்ல. சராசரி எவ்வளவு தடுமாறும்கிற எண். டாக்டரம்மா பக்கத்து வரிசையைப் பார்த்து எழுதிட்டாங்க."

"நமக்குச் சாதகமாத்தானே இருக்கு?"

"அதான் சார் பயமா இருக்கு."

அக்கா உடனே கூப்பிட்டார்; தொலைபேசியில் மருத்துவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய சிரிப்பு. "ஐயையோ, ஆமாம்மா! கண்ணாடி போடாம பார்த்துட்டேன். சரியான எண் இதோ இருக்கு, சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க!" அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரியின் தேநீர் சிந்தியது. "மின்னஞ்சல்ல அனுப்புங்கம்மா. நானே கண்டுபிடிச்சுக்கிறேன்."

அஞ்சல் வந்ததற்கான மணி அடித்தது. அக்கா முதலில் மஞ்சள் கைக்குட்டையைத் திரையின் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு பார்க்காமலே அஞ்சலைத் திறந்தார். தலைவர் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமலே நின்றார். அக்கா ஒரு முனையை மட்டும் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

பதினாறு.

"என்னம்மா? பதினெட்டைத் தாண்டிடுச்சா? சொல்லுங்கம்மா!"

அக்கா, கண்ணில் நீர் முட்ட, முகமெல்லாம் சிரிப்பாக, கைக்குட்டையைத் திரும்ப இழுத்து அந்த எண்ணை மூடினார். மறுபடி விலக்கிப் பார்த்தார்.