நீல வேன் அண்ணனைத் தேடச் சொன்ன அக்கா

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் இளநீர் சீவிக்கொண்டிருந்தேன். "உங்கக்கா பூட்டாம்மா" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா இறந்துவிட்டார். பாதி சீவிய காயைக் கீழே வைத்தேன்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாஸ்தா சாப்பிட்டவர்களுக்கு என் பக்கத்து இட்லிக் கடை தனலட்சுமி அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணீர்க் குரல், தாராளக் கை, சட்னி மட்டும் தண்ணீர்.

"கடல்ல தண்ணி கொறஞ்சிகீதாம்க்கா. உன் சட்னில பாத்தியா?" என்பேன்.

"மூடிகினு துன்னுடி" என்பார்.

கோடையில் ரோட்டோரம் கிடந்த செவலை நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்தார். வந்த அன்றே அது அவர் விரலைக் கடித்தது. பொட்டு ரத்தம். மறுநாள் ஆட்டோ பிடித்து அதற்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "இது குடல் நோய்க்கு. வெறிநோய் ஊசி மூணு மாசம் ஆனப்புறம்தான். யாரையாவது கடிச்சிருந்தா அவங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வெளியே வந்ததும், "கடிபட்ட உன் வெரலுக்கு, அக்கா?" என்றேன்.

"அதான் குட்டிக்குப் போட்டாச்சே, எனக்கு இன்னாத்துக்கு?"

"நாய்க்குப் போட்டா உனக்கு எப்படிக்கா ஏறும்?"

"போடி, பெரிய டாக்டரு."

அடுத்த நாள் காலை, டூரிஸ்டுகளை நீல வேனில் கொண்டுவந்த டிரைவர் அண்ணன் ஒருவர் குட்டிக்கு வடை நீட்டினார். அது அவர் கட்டைவிரலையும் சேர்த்துக் கவ்வியது. "பயப்படாத அண்ணாத்த, ஊசி போட்ட குட்டி" என்றார் அக்கா. அவர் சிரித்தபடி கை கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சில நாளில் குட்டி தள்ளுவண்டிக்கு அடியில் போய் ஒடுங்கியது. குரல் மாறியது, எச்சில் ஒழுகியது. பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. செத்துப்போனது. "ஊசி ஒத்துக்கல, பாவம்" என்று புதைத்தார். அப்போதும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். சீசன் முடியட்டும் என்றார்.

ஆடி பிறந்ததும், "வெரல்ல எறும்பு ஊர்ற மாறி கீதுடி" என்றார். ஒரு காலையில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவருக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. கிளாஸ் கீழே விழுந்தது. காற்று பட்டாலே உடம்பு அதிர்ந்தது. கடலோரத்தில் காற்றுக்கு எங்கே போய் ஒளிவது?

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான். "அந்த வேன் அண்ணாத்தய நான்தானேடி பயப்படாதன்னேன். தேடு. ஊசி போடச் சொல்லு."

"சரிக்கா."

"சிரிக்காம தேடு."

"சிரிக்கலக்கா."

குட்டியைத் தொட்டுக் கொஞ்சிய நாங்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டோம். அந்த அண்ணன்தான் கிடைக்கவில்லை. நடு வயது, நெற்றியில் தழும்பு. தெரிந்தவர்கள் இன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வலியே இல்லை, புண் ஆறிவிட்டது என்பார். கேட்காதீர்கள். அக்காவுக்கும் ஆறித்தான் இருந்தது.

போய் வாருங்கள், அக்கா. நீல வேன் எது நின்றாலும் ஓடிப்போய் டிரைவர் முகத்தைப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் வேறு முகங்கள்.