அம்மாவின் முதுகில் வந்த கோடுகள்

ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புக்கு எக்ஸ் குரோமோசோம் பாடம் எடுக்கும் நாள் நெருங்கினாலே எனக்கு அலுப்பு தட்டிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. எனக்கு அம்மாவின் முதுகு. கரும்பலகையில் படத்தை வரைந்துவிட்டுச் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். மிஸ்ஸுக்கு முடியவில்லை போல என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், முடியவில்லைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மனஹள்ளியில் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அம்மா கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. தம்பிக்கு வேர்க்காது. பற்களும் நாலைந்துதான், அவையும் கூர்கூராக முளைத்திருந்தன. வெயில் ஏறினால் உடம்பு கொதித்துக் காய்ச்சலில் விழுந்துவிடுவான். அதனால் மஞ்சள் பூப்போட்ட துண்டு ஒன்றை நனைத்து அவன் முதுகில் போட்டுவைப்பாள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் துண்டு ஈரமாகப் பையில் போகும். எங்கள் வீட்டிலிருந்த ஒரே நல்ல துண்டு அது. அவன் நோயைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. துண்டின் மேல்தான் கண்.

கவலைப்படும் பொறுப்பை ஜீவனஹள்ளி அத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தம்பியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்டி இல்லம்மா" என்பாள். குரலில் கோபம்கூட இருக்காது. அப்பா அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அம்மா டீ கொண்டுவந்து வைப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, தாயையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். முதுகில் மருந்து பூசி மாவு தூவுவார்களாம். வேர்க்கிற இடம் கறுக்குமாம், வேர்க்காத இடம் வெளுப்பாகவே நிற்குமாம். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. முதுகு முழுக்கக் கறுத்துவிட்டால் தன் மேல் பழியில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். வருடக்கணக்காக டார்கெட் முடித்துப் பழகியவள். வேர்ப்பதும் பாடுபட்டால் முடிகிற வேலைதான் என்று நினைத்திருப்பாள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கினாள். மார்ச் மாத வெயில். புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினாள். "ஜல்தியா நட பாப்பா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கொதிக்கக் கொதிக்க இரண்டு டீ குடித்தாள். லிஃப்ட் இருந்தும் மூன்று மாடி படியேறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவள் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரம்மா முதல் வேலையாகப் பஞ்சை எடுத்து அத்தனை வேர்வையையும் துடைத்துப் போட்டார்.

பிறகு பழுப்பு நிற மருந்தைப் பூசிக் காயவைத்தார். சோள மாவைத் தூவினார். ஃபேனை நிறுத்திவிட்டுப் பெரிய பல்பின் முன்னால் உட்காரவைத்தார். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதே, அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "முழுக்கக் கறுத்துடுச்சா பாப்பா?" கறுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் நடுநடுவே வெள்ளைக் கோடுகள் நின்றன. முதுகெலும்பின் மேல் அம்பு முனைபோல இறங்கி, விலாப்பக்கம் வளைந்து வளைந்து ஓடின. "சூப்பரா இருக்கும்மா, வெள்ள வெள்ளயா கோடு வந்திருக்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

இன்று அந்தக் கோடுகளை என்னால் விளக்க முடியும். விளக்கித்தான் சம்பளம் வாங்குகிறேன். பெண்ணின் செல் ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை அடக்கிவிடுகிறது. அம்மாவின் இரண்டில் ஒன்று, வேர்வைச் சுரப்பிகளை உண்டாக்கும் விஷயத்தில் பழுது. நல்லதா பழுதானதா என்றெல்லாம் செல் பார்ப்பதில்லை. அடக்கியதன் மேல், டிஎன்ஏவில், மீத்தைல் என்ற சின்னஞ்சிறு முத்திரைகள் விழுகின்றன. எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் செல்லால் அதைப் படிக்க முடியாது. செல் பிரியும்போதெல்லாம் முத்திரையும் கூடவே நகலாவதால், அடங்கியது கடைசிவரை அடங்கியே கிடக்கும். நல்லதை அடக்கிய செல்லின் வாரிசுகள் பரவிய இடம் வெள்ளைக் கோடு. பழுதை அடக்கியவற்றின் இடம் கறுப்பு. தம்பிக்கு இருந்ததே ஒரு எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. இதில் அம்மா செய்த குற்றம் என்ன என்று எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தாள். "அத்த கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு, என்னா?" தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள், கேட்டாள். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க அண்ணி" என்றாள் அம்மா. எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை நான் மட்டும் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? தரையில் சாக்பீஸால் முதுகு வரைந்து, அம்பு முனையிலிருந்து வளைவுவரை ஒரு கோடு விடாமல் போட்டுக்காட்டி, அதெல்லாம் வேர்க்காத இடம் என்றும் சொன்னேன். "அப்ப இங்கேர்ந்துதான் வந்திருக்கு" என்றாள் அத்தை. அப்பாவின் செய்தித்தாள் அசையவில்லை. இப்போது நினைத்தாலும் என் நாக்கின் மேல் வெறுப்பு வருகிறது.

அம்மா எழுந்து என்னை வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போனாள். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அவளோ, தெருமுனைவரை ஓடிவிட்டு வரச் சொன்னாள். ஓடி வந்தேன். கவுனின் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளங்கையால் முதுகைத் தடவினாள். மறுபடி ஓடச் சொன்னாள், மறுபடி தடவினாள். மூன்றாம் தடவை அவள் கை தோளுக்குக் கீழே உலர்ந்துகிடந்த ஓரிடத்தில் நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, சிரித்தேன். "இன்னொரு வாட்டி ஓடட்டுமாம்மா?" என்று கேட்டேன். "போதும் கண்ணு" என்றாள்.

உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். தம்பியின் பூத்துண்டை நடுவில் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை நனைத்துப் பிழிந்து என் முதுகில் போட்டாள். தம்பிக்குக் கிடைப்பதெல்லாம் கடைசியில் எனக்கும் கிடைத்துவிட்டது. அத்தை இன்னும் கிளம்பியிருக்கவில்லை. பெருமை தாங்காமல் முதலில் அவளிடம்தான் ஓடிப்போய்க் காட்டினேன்.